திறப்பு மாதா

"என்ர திறப்பைத் தாங்கோ, அம்மா."

வாய் திறந்து கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததை றொஷினி கேட்டுவிட்டாள். அழுதோ கத்தியோ அல்ல. குசினி வாசலில் நின்று குளிரங்கியின் சிப்பை இழுத்தபடி, சீனிப் போத்தல் எங்கே என்று கேட்கிற குரலில். மத்தியானம் சாப்பிட்ட கோப்பைகள் இன்னும் கழுவப்படாமல் கிடந்தன. ஆனாலும் யன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மார்கழியில் மொன்ட்ரியாலின் பகல் அவ்வளவுதான்.

தாய் அக்னெஸ் லீக்ஸ் தண்டு அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

ஏச்சு வரும் என்று றொஷினி தயாராக நின்றாள். கண்ணீர் வரும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்வது வரும், சொல்லாமல் கொள்ளாமல் அல்பேர்ட்டாவுக்குப் போய், நத்தார் பண்டிகைக்குக்கூட ஒரு போன் எடுக்காத அண்ணன் டனிஸ்ரனின் பெயர் கட்டாயம் வரும். ஒன்றும் வரவில்லை. தாய் மகளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. குளிர்ப்பெட்டிக்கும் யன்னலுக்கும் இடையிலிருந்த வெறும் சுவரைப் பார்த்தாள். அங்கே நிற்கிற யாரோ ஒருவரின் காதில் அது விழுந்திருக்குமோ என்று பயந்தவளைப் போல.

"கேட்டுப்போட்டாய்," என்றாள்.

"கேட்டிட்டன். ஏழு மணிக்கு ரெயின். ரெண்டு பெட்டியும் கட்டியாச்சு."

"சாப்பிட்டிட்டுப் போவன்."

"நான் பகிடிக்குக் கேக்கேல்லை, அம்மா."

"நானும் பகிடிக்கு நேர்த்தி வைக்கேல்லை, பிள்ளை."

திறப்பு தாயின் கழுத்தில், செபமாலையோடு சேர்த்துக் கோர்த்தபடி தொங்கியது. டனிஸ்ரன் போன கிழமையே அக்னெஸ் வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவித்திருந்தாள். உள்ளே நிற்கிறவருக்கும் திறப்பில்லாமல் திறக்காத பூட்டு. அப்போது ஆளுக்கொரு திறப்பு இருந்தது. ஐப்பசியில் யாத்திரை போய் வந்தபிறகு இரண்டும் தாயின் கழுத்துக்குப் போய்விட்டன. காலையில் வேலைக்குப் போகும்போது அம்மா திறந்துவிடுவாள். மாலையில் தட்ட வேண்டும். கட்டடப் பொறியியல் படித்தவள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டத் தொப்பி வைத்தவள், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடிப் படியில் தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்பாள். உள்ளே அம்மாவின் செருப்புச் சத்தம் மெல்ல வரும். நாளாக ஆக அந்தச் சத்தம் கூடிய தூரத்திலிருந்து வரத் தொடங்கியிருந்தது.

றொஷினிக்குக் களைத்துவிட்டது. கோபம் இருந்தது, ஆனால் கோபம்கூட, தினமும் போட்டுத் தேய்ந்த சப்பாத்தைப் போல, எந்த இடத்தில் கடிக்கும் என்று தெரிந்த கோபமாகிவிட்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அக்னெஸுக்கு "போன்ஜூர்", "மெர்சி"யைத் தாண்டி எதுவும் வராது. வீட்டுக்காரனோடு சண்டை பிடிப்பது, மருந்துக் கடையில் விளக்குவது, வரிக் கந்தோருக்குப் பதில் சொல்வது எல்லாம் றொஷினி. அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பிரெஞ்சில் சொன்னார்கள். அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னது பன்னிரண்டு வயது றொஷினி. ஹலிஃபாக்ஸில் வேலை கிடைத்த அன்று அவள் சந்தோஷப்படவில்லை. ஒரு முழு இரவு, யாரும் தட்டி எழுப்பாத ஓர் அறையில் நித்திரை கொள்ளலாம் என்று மட்டும் நினைத்தாள்.

யாத்திரைக்கும் அப்படித்தான் இழுபட்டுப் போனாள். கோயில் பங்குச் சனம் கூட்டமாக மால்ட்டாத் தீவுக்குப் போனது, பவுல் என்கிற சின்னப்பர் கப்பலுடைந்து கரையேறிய மண்ணை மிதித்து வர. அக்னெஸுக்குத் துணை வேண்டும், துணைக்கு மொழி வேண்டும். வேலையில் மிச்சம் பிடித்து வைத்திருந்த லீவெல்லாம் அதில் கரைந்தது.

கடைசி நாள், குன்றின் மேலே மதிலுக்குள் ஒடுங்கிக் கிடந்த அந்தப் பழைய பட்டணம். வறண்டுபோன அகழியின் மேல் ஒரு கல் பாலம், அதைத் தாண்டி ஒரு பெரிய வாசல், வாசலைத் தாண்டியதும் உலகத்தின் காதை யாரோ பொத்தியதுபோல ஓர் அமைதி. ஒழுங்கைகள் நேராகப் போகவில்லை. பத்தடி போய் வளைந்தன, பிறகும் வளைந்தன. எதிரியின் அம்பு ஓடாமலிருக்கத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டி சொன்னான். இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் கல்லும் கல்லும் கல்லும். மேலே வானம் ஒரு நாடா அளவு. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இன்னமும் சனம் குடியிருக்கிறது என்றார்கள், ஆனால் ஒரு கோப்பை விழுகிற சத்தம்கூட இல்லை. பஸ்ஸில் யன்னல் சீற்றுக்கு அடிபட்ட நம்முடைய சனமே தன்பாட்டில் வாயை மூடிக்கொண்டது. றொஷினி அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். நிழலில் கிடந்த கல். உடம்புச் சூடாக இருந்தது.

ஒரு வளைவில், மதிலில் ஆள் உயரத்துக்குக் குடைந்த மாடத்துக்குள் ஒரு சுரூபம் நின்றது. முக்காடு போட்ட பெண். முகம் காற்றிலும் மழையிலும் கரைந்து, கண்ணும் மூக்கும் இருந்த இடத்தில் வழவழப்பு மட்டும். நீட்டிய கையில் கல்லாலான ஒரு திறப்பு.

அக்னெஸ் முழந்தாளில் விழுந்தாள்.

"எழும்பு, அக்னெஸ்," என்றாள் செல்வமலர் அன்ரி. பங்கில் எல்லாருடைய விஷயத்திலும் மூக்கை நுழைப்பவள், ஆனால் கண் கூர்மையானவள். "உது மாதா இல்லை. கையில பாலனும் இல்லை, செபமாலையும் இல்லை. ஆரெண்டு தெரியாமல் முழந்தாள் போடாத."

"மாதாவுக்கு எத்தினை பேர் இருக்கு? மடு மாதா, லூர்து மாதா, வேளாங்கண்ணி மாதா. இவ திறப்பு மாதாவா இருப்பா."

"பேந்து குக்கர் மாதாவும் இருக்கிறா எண்டுவாய்."

அக்னெஸ் அதைக் காதில் போடவில்லை. மகளின் வீட்டுத் திறப்பைக் கேட்டு வாங்கி, அந்தக் கல் கையில் வைத்து, உதடு அசைய ஏதோ நேர்ந்தாள். பிறகு கொண்டை ஊசியை உருவி, சுரூபத்தின் காலடிக் கல்லைச் சுரண்டினாள். மன்னாரில் அவள் வளர்ந்த வீட்டில் மடு மாதா கோயில் மண் எப்போதும் ஒரு முடிச்சில் இருந்தது. பாம்புக்கும் காய்ச்சலுக்கும், ஆமிக்காரன் வந்த நாட்களில் ஆமிக்கும், அதைத்தான் வீட்டைச் சுற்றித் தூவினார்கள். மாதா கால் வைத்த மண் காவல் காக்கும். அக்னெஸுக்கு எல்லா மாதாவும் ஒன்று, எல்லா மண்ணும் மண். கல் மாவாக உதிர்ந்தது. கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டாள்.

"என்ன நேர்ந்தனீங்கள்?" என்று றொஷினி கேட்டாள்.

"அதைச் சொல்லக்கூடாது. குடுத்ததைத் திருப்பிக் கேக்கவும் கூடாது. உன்ர திறப்பு இனி மாதாவின்ர. என்னட்ட இருக்கும். நீ வாய் திறந்து கேக்காத, சொல்லிப்போட்டன்."

வீட்டுக்கு வந்த அன்றே அந்த மாவை நாலு மூலையிலும் கதவு நிலையிலும் தூவினாள்.

முதலில் மணம்தான் வந்தது. நீண்டகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஈரக் கல் மணம், கறி தாளித்தாலும் மறையாத மணம். பிறகு நிலமெல்லாம் மஞ்சள் தூள். கூட்டி அள்ளினால் அடுத்த நாள் அதே இடத்தில். பிறகு சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மேல்வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டம் போனது. அவென்யூ டு பார்க்கில் பஸ் பிரேக் பிடிக்கிற கீச்சு போனது. பனி அள்ளுகிற நாளில், காரை எடு என்று தெருவெல்லாம் ஊளையிட்டுக்கொண்டு போகும் சைரன் வண்டி, செத்தவனையும் எழுப்பும் என்று ஊரே திட்டுகிற அந்தச் சைரன். ஒருநாள் காலை றொஷினி வெளியே வந்து பார்க்கிறாள், தெரு வெட்டையாகக் கிடக்கிறது, பனி அள்ளி முடிந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பழைய கட்டடம், குளிருக்கு பிளாஸ்ரர் ஊதுகிறது, ஈரம் சத்தத்தை விழுங்குகிறது. படித்த வாய் தனக்குத்தானே விளக்கம் சொன்னது. ஆனால் கறிவேப்பிலைச் சாடி இருந்ததே, குசினி யன்னலில். அந்த ஒடுங்கிய யன்னல் கட்டையில் அது விழப்பார்த்துக்கொண்டு, பாதி வெளியே நீட்டிக்கொண்டுதான் எப்போதும் இருக்கும். இப்போது சாடிக்கு முன்னால் அம்மா தேத்தண்ணிக் கோப்பை வைக்கிறாள். அதற்கும் முன்னால் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்க்கிறாள். யன்னல் அப்படியே இருந்தது. சுவர் உள்ளே வந்திருந்தது.

"வீடு இப்ப நல்ல அடக்கமா இருக்கு, என்ன?" என்றாள் அக்னெஸ். இத்தனை வருடத்தில் அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து றொஷினி பார்த்ததில்லை.

இன்று, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டு, றொஷினி பெட்டிகளை எடுக்கத் தன் அறைக்குப் போனாள். யன்னலோரம் போனதும் போன் அடித்தது. அந்த வீட்டில் சிக்னல் பிடிக்கிற ஒரே மூலை அதுதான். செல்வமலர் அன்ரி.

"என்னடி, வெளிக்கிட்டிட்டியோ? கொம்மா என்னவாம்?"

"திறப்பைக் கேட்டன். சுவரைப் பாக்கிறா."

"சுவரையோ?" மறுபக்கத்தில் சிரிப்பு எழும்பி, பாதியில் நின்றது. "பிள்ளை, அந்த மண் இன்னும் வீட்டிலயோ?"

"நாலு மூலையிலயும் கிடக்கு. ஏன்?"

"அண்டைக்கு ஒண்டு பாத்தனான். சொன்னால் கொம்மா என்னோட கதைக்காமல் விட்டிடுவா எண்டு சொல்லேல்லை. அவ மண் சுரண்டேக்க அந்த ஊர்ப் பொம்பிளை ஒருத்தி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவ. கோயில்ல இருந்துதான் வந்தவ, கையில பூசைப் புத்தகம். அந்தச் சுரூபத்துக்குச் சிலுவை போடேல்லை. மகளின்ர கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரோட உரஞ்சிக்கொண்டு போனவ. மாதாவைக் கண்டால் ஆராவது பிள்ளையின்ர கண்ணைப் பொத்துவினமோ?"

"அன்ரி, இதை இப்பவோ சொல்லுறியள்?"

"இன்னும் இருக்கு. நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்பேக்க அதே ஒழுங்கையாலதான் வந்தனாங்கள். மாடம் வெறுமையாக் கிடந்தது, பிள்ளை. நான் வெயிலுக்குக் கண் கூசுது எண்டு நினைச்சு..."

போன் அடங்கியது. றொஷினி யன்னலுக்குக் கிட்டப் போக முயன்றாள். முடியவில்லை. கையை முழுக்க நீட்டியும் கண்ணாடி எட்டவில்லை. இரண்டு பக்கமும் தடித்த கல்லுக்கு நடுவே, ஒரு சுரங்கத்தின் மறுமுனையில், தெருவிளக்கொன்று மங்கலாக எரிந்தது.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள்.

அந்த வீட்டின் நடைவழி, பார்க் எக்ஸ்டென்ஷன் வீடுகளின் எல்லா நடைவழிகளையும்போல, ரயில் பெட்டி மாதிரி நீளமானது, நேரானது. குசினியில் நின்றால் வாசற்கதவு தெரியும், சின்ன வயதில் டனிஸ்ரனும் அவளும் அதில் பந்து உருட்டி விளையாடினார்கள். இப்போது கதவு தெரியவில்லை. குளிரங்கியின் இரண்டு தோளும் இரண்டு சுவரிலும் உரசின. உரசிய இடத்தில் மஞ்சள் தூள் ஒட்டியது. விளக்கைப் போடுகிற ஆளியைத் தடவினாள். ஆளி இல்லை. வழவழப்பான கல். சூடான கல்.

நடந்தாள்.

நடைவழி வளைந்தது.

நேரான வீட்டில் வளைவு. அம்பு ஓடாத வளைவு. பெட்டிச் சில்லு கல்லில் கடகடத்தது. மூன்று பேர் இழுப்பதுபோல எதிரொலித்தது. நின்றாள். சில்லும் நின்றது. பின்னால் ஒன்று நிற்கவில்லை.

கல்லைக் கல்லில் இழுக்கிற சத்தம். மெல்ல. அவசரமில்லாமல்.

"அம்மா?"

"இஞ்ச நிக்கிறன்."

குரல் முன்னால் வந்தது. பின்னாலிருந்து அல்ல.

வளைவின் மறுபக்கம் அக்னெஸ் நின்றாள். ஒரு கையில் லீக்ஸ் அரிந்த கத்தி அப்படியே இருந்தது, அதை வைக்க மறந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வாசற்கதவு. பக்கத்துச் சுவரில், சப்பாத்துத் தட்டு இருந்த இடத்தில், ஒரு மாடம். ஆள் உயரம். வெறுமை. அதன் அடியில், ஈரச் சாந்தில் பதிந்ததுபோல இரண்டு பாத அடையாளம்.

"ஒராள் நிக்கவேணுமாம்," என்றாள் அக்னெஸ். களைத்த குரல், பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரல். "கொஞ்ச நாளா அதைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறா. சுவருக்குள்ள நிண்டு. நீ கேக்கும்வரைக்கும் பொறுத்திருக்கிறன் எண்டவ."

"நீங்கள் என்ன நேர்ந்தனீங்கள், அம்மா?"

"நீ வீட்டோட நிக்கவேணும் எண்டு." தாய் கத்தி முனையால் மாடத்தைக் காட்டினாள். "இப்பிடி நிக்கவேணும் எண்டு நான் நினைக்கேல்லையடி."

இழுக்கிற சத்தம் வளைவு வரை வந்துவிட்டது. றொஷினி திரும்பவில்லை. கழுத்தின் பின்புறத்தில் ஈரக் கிணற்றின் மூச்சு.

அக்னெஸ் மாடத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கத்தியை நிலத்தில் வைத்தாள். செபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். புது உடுப்பொன்றை அளவு பார்க்கிறவளைப்போலக் கூச்சத்தோடு, பின்பக்கமாக, ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"ஒருக்கா நான் நிண்டு பாக்கிறன். என்னையெண்டால் விட்டிடுவா. நான் கிழவிதானே."

மற்றக் கால்.

அப்போது கையை நீட்டியிருக்கலாம். தாயின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுவை இழுத்திருக்கலாம். அக்னெஸ் பாரமில்லாத மனுஷி. கல் அவளுடைய கணுக்கால் வரைதான் வந்திருந்தது. நேரம் இருந்தது. றொஷினிக்கு அது தெரியும், கட்டடம் படித்தவள், சாந்து இறுக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்தவள்.

கையை நீட்டினாள்.

"திறப்பு," என்றாள்.

அக்னெஸ் மகளை நெடுநேரம் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. கையை முன்னால் நீட்டினாள். விரல்களுக்குள் செபமாலையும் திறப்பும். முழங்கைவரை மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அப்படியே நின்றது. பற்களின்மேல் தூள்.

விரல்கள் இறுகிவிட்டன. றொஷினி பெட்டியை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சுண்டுவிரல். மோதிரவிரல். மூன்று வயதில், பிள்ளைகளைப் பகலில் விடுகிற கார்டரி வாசலில், தாயின் பாவாடையைப் பிடித்திருந்த அவள் விரல்களை அம்மா இப்படித்தான் கழற்றுவாள். தையல் ஃபக்டரிக்கு நேரமாகிவிடும். திரும்பிப் பார்த்தால் போகமுடியாது, அதனால் திரும்பிப் பாராமல் ஓடுவேன் என்று பிறகு சொல்லுவாள். நடுவிரல். சுட்டுவிரல். கடைசி விரல் கழலவில்லை. முறிந்தது. சத்தமில்லை, சுண்ணக்கட்டி முறிகிற சத்தம் மட்டும்.

பின்னால் நின்றது அவளைத் தொடவில்லை. அவளுடைய தோளைத் தாண்டி, முக்காட்டுக்குள் வழவழத்த ஒரு முகம் மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீண்ட வேலை முடிந்த ஆளைப்போல.

பூட்டு சுழன்றது.

படிகளில் குளிர் முகத்தில் அறைந்தது. கூடவே எல்லாச் சத்தமும்: பஸ், மேல்வீட்டுப் பிள்ளைகள், தூரத்தில் சைரன், கீழே டெப்பனர் கடை வாசலில் யாரோ ஹிந்தியில் சிரிக்கிற சிரிப்பு. மூன்று மாடியும் இறங்கினாள். பெட்டிச் சில்லு பனியில் இரண்டு மஞ்சள் கோடு இழுத்தது. எதிர்ப்பக்கம் போனதும், திரும்பிப் பார்த்தாள்.

செங்கல் வீட்டுக்கும் செங்கல் வீட்டுக்கும் நடுவே, மூன்றாம் மாடியில், யன்னல் இல்லை. தேன் நிறத்தில் கல், கல், கல். தெருவெல்லாம் பனி விழுந்து படிந்தது. அந்தச் சுவரில் மட்டும் ஓரிடத்தில், ஒரு மனுஷியின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில், பனி படியவில்லை. அங்கே கல்லிலிருந்து மெல்லிய வெண்புகை வந்தது. நின்றது. வந்தது. நின்றது. குளிரில் யாரும் விடுகிற மூச்சுத்தான்.

கையுறைக்குள் திறப்பு உடம்புச் சூடாக இருந்தது.

றொஷினி அந்த மூச்சையும் பார்த்தாள், முழுதாகப் பார்த்தாள். பிறகு தொப்பியை இழுத்து மூடி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு அக்கடி மெட்ரோப் பக்கம் நடந்தாள்.